அட்ஜஸ்ட் மாமி

அறையில் இரண்டு கட்டில்கள். நாங்கள் மூன்று பேர். பள்ளிப்படிப்பு முடிந்து ஒரு வருஷப் பி.யூ.சி. சேர்ந்த முதல் நாள், டிரங்குப் பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு, இது எப்படி என்று வார்டனிடம் போய்க் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு, துணிக்கு அகலம் பார்ப்பது போல் என்னைப் பார்த்தார்.

“ஒல்லியாத்தானே இருக்கே? ரெண்டு கட்டிலையும் சேர்த்துப் போட்டுண்டு குறுக்கால படுத்துக்கோங்கோ. அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.”

“கால் வெளிய தொங்குமே மேடம்.”

“மடக்கிக்கோ.”

மயிலாப்பூரில் லஸ் பக்கம் ஒரு தர்ம டிரஸ்ட் நடத்திவந்த பெண்கள் ஹாஸ்டல் அது. வெளியூரிலிருந்து பட்டணத்துக்குப் படிக்க வந்த நாற்பது பெண்களுக்கும் அவர்தான் சகலமும். முகத்துக்கு நேரே மேடம். முதுகுக்குப் பின்னால் அட்ஜஸ்ட் மாமி. அந்தப் பெயரை வைத்தது எங்களுக்கு ரொம்ப வருஷம் முன்னால் படித்துவிட்டுப் போன யாரோ ஒரு புண்ணியவதி. சீனியர்கள் முதல் நாளே எங்களிடம் பெயரை ஒப்படைத்துவிட்டார்கள். மாமிக்கு ஐம்பது வயது இருக்கும். சுங்குடிப் புடவை, இடுப்பில் சாவிக்கொத்து, வெயிலோ மழையோ கையில் ஒரு கறுப்புக் குடை. அந்தக் குடை விரிந்து நான் பார்த்ததில்லை. மாடிப்படியில் ஓடுகிறவர்களைத் தட்டி நிறுத்தத்தான் அது.

எந்தக் குறையைக் கொண்டுபோனாலும் அவரிடம் ஒரே மருந்துதான். தண்ணீர் ஆளுக்கு ஒரு பக்கெட்தான் கிடைக்கிறது என்றால், “துணி அலசின தண்ணியில கால் அலம்பிக்கோ, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.” அரிசி தட்டுப்பாட்டில் வாரம் நாலு நாள் கோதுமை உப்புமா போட்டார்கள். தொண்டையில் இறங்கவில்லை என்றால், “மோர் விட்டுக் கரைச்சுக் குடி.” ஒரு நாள் சாம்பாரில் புழு கிடந்தது. தட்டோடு தூக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

“வெந்துதானே இருக்கு?” என்றார்.

ஊர் ஞாபகம் வந்து முதல் மாதம் முழுக்க நான் அழுதேன். ஆறுதல் சொல்ல அவரே அறைக்கு வந்தார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

“அழறதுன்னா மொட்டைமாடிக்குப் போய் அழு. இங்கே ரெண்டு பேர் படிச்சுண்டிருக்கா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மொட்டைமாடிக்குப் போனால் அங்கே ஏற்கெனவே மூன்று பேர் அழுதுகொண்டிருந்தார்கள். நானும் ஓர் ஓரத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் நாலு பேரும் வார்டனைத் திட்ட ஆரம்பித்து, அழுகையை மறந்து, தாயம் ஆட உட்கார்ந்துவிட்டோம்.

காலேஜ் இன்னொரு துன்பம். பள்ளிக்கூடத்தில் எல்லாம் தமிழில் படித்தவள் நான். கரப்பான்பூச்சியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தமிழில் சொல்வேன். இங்கே லெக்சரர் அம்மாள் ஆங்கிலத்தில் ஆரம்பித்து ஆங்கிலத்திலேயே முடித்தார். நடுவில் எல்லோரும் சிரித்தால் நானும் சிரித்தேன். ஒரு மாதம் கழித்து, வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்தது. ஒன்றுமே புரியவில்லை, ஊருக்கே போய்விடுகிறேன் என்று மாமியிடம் சொன்னேன்.

“புரியலேன்னா புரிஞ்ச மாதிரி மூஞ்சிய வெச்சுக்கோ. கொஞ்ச நாள்ல அதுவா புரியும். ஊருக்குப் போய் என்ன பண்ணப்போறே? அங்கே மட்டும் எல்லாம் புரிஞ்சுடுமா?” என்றார்.

அவர் சொன்னபடி மூஞ்சியை வைத்துக்கொண்டேன். டிசம்பருக்குள் நிஜமாகவே புரிய ஆரம்பித்துவிட்டது. ஆனால் இதற்காக அவருக்கு நன்றி சொல்லும் எண்ணம் எங்கள் யாருக்கும் வந்ததில்லை.

ஊருக்கெல்லாம் அட்ஜஸ்ட் சொன்ன மாமி தாமும் அப்படித்தான் இருந்தார். அவருடைய அறையில் பாதியை டிரஸ்ட்காரர்கள் ஸ்டோர் ரூமாக்கியிருந்தார்கள். ஒரு பக்கம் எண்ணெய் டின்கள், ஒரு பக்கம் புளி மூட்டை, நடுவில் அவர் பாய். நாற்காலிக்கு மூன்று கால்கள். நாலாவது காலுக்குப் பழைய டெலிபோன் டைரக்டரி. மேசைமேல் தபால்கள் பறக்காமல் இருக்க ஒரு தடிப் புத்தகம் வைத்திருப்பார். பி.யூ.சி. வருவதற்கு முன்பிருந்த இண்டர்மீடியட் காலத்து அல்ஜீப்ரா. ஒரு நாள் என் கடிதத்தை எடுக்கும்போது பிரித்துப் பார்த்தேன். முதல் பாதி முழுக்க ஓரங்களில் பென்சிலால், மாமியின் கையெழுத்தில், பொடிப்பொடியாகக் கணக்குப் போட்டிருந்தது. பின்பாதியில் ஒரு கோடுகூட இல்லை. பாதியில் புத்தி மழுங்கிவிட்டது போலிருக்கிறது என்று அறையில் போய்ச் சொல்லிச் சிரித்தேன். பதினாறு வயதில் இப்படித்தான் சிரிப்பு வரும்.

ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் மாமியிடம் அட்ஜஸ்ட்மெண்ட் கிடையாது. அது லிஸ்ட்.

பெண்ணைச் சேர்க்கும்போது அப்பா ஒரு ஃபாரம் பூர்த்தி செய்யவேண்டும். பெண்ணை வெளியே அழைத்துப் போக உரிமை உள்ளவர்கள் யார் யார் என்று அதில் ஐந்து வரிகள் இருக்கும். அந்தப் பெயர்களும் போட்டோக்களும் ஒரு கறுப்பு ரிஜிஸ்டருக்குப் போகும். போட்டோவில் பாதி, காகிதத்தில் பாதி படும்படி ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வந்தாலும் மாமி ரிஜிஸ்டரைத் திறந்து முகத்தையும் போட்டோவையும் ஒத்துப் பார்ப்பார்.

என் அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம் ஜவுளிக்கடை. தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருந்த பெரியப்பா பெயரையும் பெரியம்மா பெயரையும் எழுதினார். மீதி மூன்று வரிகள் காலியாக இருந்தன. காலி இடத்தைக் கண்டால் கடைக்காரர்களுக்குப் பொறுக்காது. யாராவது எதையாவது பின்னால் சேர்த்து எழுதிவிடுவார்கள் என்ற பயம். குறுக்கே ஒரு கோடு இழுத்து அதன் மேலேயே கையெழுத்தும் போட்டார்.

“வேற யாரும் வேண்டாமா?” என்று மாமி கேட்டார்.

“யாரும் வேண்டாம்மா. இந்த ரெண்டு பேரத் தவிர எந்தக் கொம்பன் வந்து நின்னாலும் புள்ளைய வெளிய விடக்கூடாது. சொல்லிட்டேன்.”

“விடமாட்டேன்” என்றார் மாமி.

அது வெறும் வார்த்தை இல்லை என்று பெரியம்மாதான் முதலில் தெரிந்துகொண்டார். தீபாவளி கழிந்து திருப்பதியில் முடியிறக்கிவிட்டு, லட்டும் கையுமாக நேரே என்னைக் கூட்டிப்போக வந்தார். ரிஜிஸ்டரில் இருந்த போட்டோவில் பெரியம்மாவுக்கு இடுப்பு வரை பின்னல், அதை முன்பக்கமாக எடுத்துப் போட்டிருப்பார். எதிரே நின்றதோ சந்தனம் பூசிய மொட்டை. மாமி மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“போட்டோல முடி இருக்கே.”

“சாமிக்குக் குடுத்தாச்சும்மா!”

“அப்போ முளைச்சப்பறம் வாங்கோ.”

லட்டை மட்டும் வாங்கி உள்ளே அனுப்பினார். லட்டுக்கு லிஸ்ட் கிடையாதாம். பெரியம்மா தெருவில் நின்று, இனி இந்த ஜென்மத்தில் இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று சபதம் போட்டுவிட்டுப் போனார். வாட்ச்மேன்தான் ரிக்‌ஷா பிடித்துக் கொடுத்தார்.

மாசி மாதத்தில், பரீட்சைக்குச் சரியாக ஐந்து வாரம் இருக்கும்போது, அப்பாவிடமிருந்து இன்லண்ட் லெட்டர் வந்தது. எங்கள் தபால் எல்லாவற்றையும் மாமி பிரித்துப் படித்து, ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்ன டிக் போட்டுத்தான் கொடுப்பார். இதிலும் டிக் இருந்தது.

மதுரையில் நகைக்கடை வைத்திருக்கும் குடும்பமாம். ஒரு கல்யாணத்துக்காகப் பட்டணம் வருகிறார்களாம். வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலுக்குத் திரும்புகிறார்கள்; அதற்குள் பெரியப்பா வீட்டில் வைத்து என்னைப் பார்த்துவிடுவார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது. பார்ப்பது பேருக்குத்தான். பங்குனியில் முகூர்த்தம். கடைசியில் அப்பா எழுதியிருந்தார்: ‘பரீட்சை பற்றிக் கவலைப்படவேண்டாம். புதன்கிழமை நான் வந்து உன்னை அழைத்துக்கொள்கிறேன். பெட்டியைக் கட்டி வைக்கவும்.’

பரீட்சை பற்றித்தான் எனக்குக் கவலை. ஒரு வருஷம் காலை மடக்கித் தூங்கி, உப்புமாவைக் கரைத்துக் குடித்து, புரியாத பாடத்தைப் புரியவைத்துக்கொண்டாயிற்று. பி.எஸ்ஸி. விலங்கியல் சேரவேண்டும் என்று மனசுக்குள் முடிவும் செய்தாயிற்று. இப்போது வந்து பெட்டியைக் கட்டு என்றால்? அப்பாவிடம் மாட்டேன் என்று சொல்லும் தைரியம் எனக்கு மட்டுமல்ல, எங்கள் வீட்டில் யாருக்குமே இல்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு மாமியிடம் ஓடினேன்.

“மேடம், நான் பரீட்சை எழுதணும். அப்பாகிட்ட நீங்க சொல்லுங்க.”

“நான் யாருடி சொல்றதுக்கு? பெத்தவா பார்த்து ஒண்ணு பண்ணினா அட்ஜஸ்ட் பண்ணிண்டு போகவேண்டியதுதான்.”

“மேடம், ஒரே ஒரு வார்த்தை...”

“போய்ப் படி.”

பெட்டியைக் கட்டப் போகிறவளைப் படி என்கிறாரே, இந்தப் பெண்பிள்ளைக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா என்று அன்றைக்கு அவரைச் சபித்தேன். சபித்த வார்த்தைகளை இங்கே எழுதமுடியாது. பெட்டியைக் கட்டி வைத்தேன். புத்தகங்களை என் அறையிலிருந்த கும்பகோணத்துக்காரி சரோஜாவிடம் கொடுத்தேன். என் கட்டில் பங்கு இனி தனக்கு வரும் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நல்லவள்.

புதன்கிழமை பத்து மணிக்கு அப்பா வந்தார். மாடி ஜன்னல் வழியாக நானும் சரோஜாவும் கேட்டுக்கொண்டிருந்தோம். வாசலில், மாடிப்படியை ஒட்டி நாற்காலி போட்டு, மடியில் கறுப்பு ரிஜிஸ்டரோடு மாமி உட்கார்ந்திருந்தார்.

“வாங்கோ. உங்க பேரு?”

“என்னம்மா தெரியலயா? நான் அவ அப்பா. போன ஆனியில வந்தேன்லா?”

மாமி என் பக்கத்தைத் திறந்து, மேலிருந்து கீழே விரலை ஓட்டினார்.

“பெரியப்பா இருக்கார். பெரியம்மா இருக்கா. உங்க பேரு இல்லியே.”

“எம் பேரு எதுக்கும்மா? நாந்தானே அவளப் பெத்தவன்!”

“இருக்கலாம். கீழே கோடு போட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கேள். பாருங்கோ, உங்க கையெழுத்துதானே?”

“எங் கையெழுத்துதான்.”

“எந்தக் கொம்பன் வந்தாலும் விடக்கூடாதுன்னு சொன்னதும் நீங்கதானே?”

“ஏம்மா, அது எனக்கும் சேத்தா சொன்னேன்? என்ன பேச்சு பேசுதீய! ஏட்டி! மேல நிக்கியா? பொட்டியத் தூக்கிட்டு இறங்கி வாட்டி!”

என் கால் தன்னால் ஓர் அடி எடுத்துவைத்தது. மாமி திரும்பிக்கூடப் பார்க்காமல் குடையைத் தூக்கி மாடிப்படிக்குக் குறுக்கே நீட்டினார். வாட்ச்மேன் அப்பாவைச் சமாதானப்படுத்தப் பார்த்தார்.

“கூவாதே சார். மேடம் லிஸ்ட்ல இல்லன்னா இல்லதான். போன மாசம் டிரஸ்டு சேர்மன் சம்சாரமே வெளியதான் நின்னுக்கினு இருந்துச்சு. நீ இன்னாத்துக்கு சூடாவுறே?”

அப்பா தம் கட்டி, மதுரைக்காரர்களையே இங்கே கூட்டிவந்து ஹாலில் உட்கார வைத்துப் பெண்ணைக் காட்டலாமா என்று கேட்டார்.

“தாராளமா. அவா பேரு லிஸ்ட்ல இருந்தா” என்றார் மாமி.

பெரியப்பா சரக்கு எடுக்க மொரதாபாத் போயிருந்தார். பெரியம்மாவைக் கெஞ்சிப் பார்த்திருக்கிறார்கள். சபதம் சபதம்தான் என்றிருக்கிறார். போதாததற்குத் தலைமுடி காதுவரைக்கும்தான் வளர்ந்திருந்தது. லிஸ்டில் புதிதாகப் பெயர் சேர்க்க என்ன வழி என்று கடைசியில் அப்பாவே இறங்கிவந்து கேட்டார். மாமி ஒரு ஃபாரத்தை எடுத்துக் கொடுத்தார். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்று, அதில் கெஸட்டட் ஆபீசர் கையெழுத்து, பிறகு டிரஸ்ட் செக்ரட்டரி கையெழுத்து. செக்ரட்டரி சனிக்கிழமைதான் வருவார்.

“சனிக்கிழமையா? வெள்ளிக்கிழம அவுக ரயிலேறிருவாகம்மா!”

“அதுக்கு நான் என்ன பண்றது? நீங்கதான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்.”

மேலே ஜன்னலில் சரோஜா என் கையைக் கிள்ளினாள். ரத்தம் வருகிற மாதிரி கிள்ளினாள். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டோம்.

இத்தனைக்குப் பிறகும் அப்பா விடவில்லை என்பதைச் சொல்லவேண்டும். லஸ்ஸில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய், தலையை வாரி, முகத்துக்குப் பவுடர் போட்டு, தாம் என் அப்பாதான் என்று நிரூபிக்கப் போட்டோ எடுத்துக்கொண்டார். ஸ்டுடியோக்காரர் இரண்டு நாள் ஆகும் என்றார். தேனாம்பேட்டையில் யாரோ தெரிந்தவருக்குத் தெரிந்த கெஸட்டட் ஆபீசரைத் தேடி அலைந்தார். வெள்ளிக்கிழமை மதுரைக்காரர்கள், பெண்ணைக் கண்ணிலேயே காட்டமாட்டேன் என்கிற சம்பந்தம் நமக்கு எதற்கு என்று ரயிலேறிவிட்டார்கள். மதுரையில் தங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே வேறொரு பெண்ணைப் பார்த்துப் பூவும் வைத்துவிட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டோம்.

சனிக்கிழமை அப்பா போட்டோவோடு வந்தார். மாமி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

“மீசை இதுல கொஞ்சம் பெரிசா இருக்கே.”

“மூணு நாளா ஒங்ககிட்ட அலைஞ்சதுல குறைஞ்சிருக்கும்மா” என்றார் அப்பா.

மாமி சிரிக்கவில்லை. பசை தடவி, போட்டோவை ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தி, ஸ்டாம்பைக் குத்தினார். “இனிமே நீங்க எப்போ வேணும்னாலும் அழைச்சுண்டு போகலாம்” என்றார்.

அப்பா என்னை லஸ் முனையில் ஒரு ஹோட்டலுக்கு அழைத்துப்போனார். இரண்டு இட்லியைச் சாப்பிட்டு முடித்தார். கத்துவார் என்று காத்திருந்தேன்.

“அந்தம்மாவ எல்லையில கொண்டு நிறுத்துனா ஒரு பய உள்ள வரமாட்டான்” என்றார். பிறகு காபியை ஆற்றிக்கொண்டே, “சரி, ஒரு வருஷத்துப் பணத்தையும் கட்டியாச்சு. பரீட்சைய எழுதிட்டே வா” என்றார்.

எனக்கு உயிர் வந்தது. சட்டம் பேசியே கழுத்தறுக்கும் ஒரு மாமியால் தற்செயலாகத் தப்பித்தேன் என்று நாற்பது பேருக்கும் இந்தக் கதையை நடித்துக் காட்டினேன். குடையை நீட்டுகிற இடம் எனக்கு நன்றாக வரும். சரோஜா அப்பாவாக நடிப்பாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் காலை, தபால் வாங்க மாமியின் அறைக்குப் போயிருந்தேன். வாட்ச்மேன் வந்து, கும்பகோணத்திலிருந்து சரோஜாவின் அப்பா வந்திருக்கிறார், அவள் அக்காவின் வளைகாப்புக்கு இரண்டு நாள் கூட்டிப்போக வேண்டுமாம் என்று சொன்னார். வருஷம் முழுக்க அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

“அனுப்பு” என்றார் மாமி. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

கறுப்பு ரிஜிஸ்டர் மேசைமேல் மூடியபடியே கிடந்தது. என் கை சும்மா இருக்காது. திறந்து சரோஜாவின் பக்கத்தைப் பார்த்தேன். மந்தைவெளியில் இருக்கும் அவளுடைய மாமா, மாமி. வேறு பெயர் இல்லை.

“மேடம், சரோஜா அப்பா பேரு லிஸ்ட்ல இல்லையே?”

மாமி ஒரு கல்லை எடுத்து ஜன்னலுக்கு வெளியே போட்டார்.

“அசடு மாதிரிப் பேசாதே. பெத்த அப்பாவுக்கு யாராவது லிஸ்ட் பார்ப்பாளா?”

ரிஜிஸ்டரை மூடி வைத்தேன். மேசைமேல், பாதியோடு கணக்கு நின்றுபோன அந்த அல்ஜீப்ரா புத்தகம், அன்றைய தபால்களை அழுத்திக்கொண்டு கிடந்தது. ஏதாவது சொல்லவேண்டும் என்று நின்றேன். மாமி முறத்தை ஒரு தட்டுத் தட்டினார்.

“என்ன நின்னுண்டிருக்கே? பரீட்சைக்கு மூணு வாரம்கூட இல்லை. இன்னிக்கும் உப்புமாதான்னு எல்லார்கிட்டயும் சொல்லிடு. அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, போ.”

“சரி மேடம்” என்றேன்.